வீடியோ கேம் வதந்திகள்: நம்பி ஏமாந்த கதை, நம்பாமல் ஏமாந்த கதை

முதலில் என் கதையைச் சொல்லிவிடுகிறேன். 2016 மே மாதம். நோ மேன்ஸ் ஸ்கை என்ற வீடியோ கேம் ஜூன் 21 அன்று வருவதாக இருந்தது, முன்பணமும் கட்டிவிட்டேன். அந்த நேரம் பார்த்து, கேம் தள்ளிப்போகிறது என்று கொட்டாகு என்ற கேம் செய்தித் தளத்தில் ஜேசன் ஷ்ரையர் என்ற நிருபர் எழுதினார். அமெரிக்காவின் கேம்ஸ்டாப் கடைகளில் விளம்பரத்தில் இருக்கும் தேதியை எடுத்துவிட்டு ‘விரைவில்’ என்று வைக்கச் சொல்லியிருக்கிறார்கள் என்பது வரை அதில் இருந்தது. அதைப் படித்தும் நான் நம்பவில்லை. ‘வியூஸுக்காக எதையாவது கிளப்பிவிடுகிறார்கள்’ என்று போகிற இடமெல்லாம் எழுதினேன். ஷ்ரையருக்குக் கொலைமிரட்டல் வந்தது. சில நாளிலேயே, தயாரித்த ஹலோ கேம்ஸே தாமதத்தை உறுதிசெய்து ஆகஸ்டுக்குத் தள்ளிவைத்தது. உடனே மிரட்டல் ஹலோ கேம்ஸ் நிறுவனர் ஷான் மரே பக்கம் திரும்பியது. மிரட்டியவன் நானில்லை. ஆனாலும் ‘பொய்யன்’ என்று எழுதியதையெல்லாம் ஒவ்வொன்றாகத் தேடி அழித்தபோது கை கூசியது. உங்களுக்கும் இப்படி நடந்திருந்தால் எழுதுங்கள்.

—

எனக்கு சைபர்பங்க் 2077 என்ற கேம். 2020 அக்டோபர் 5 அன்று ‘கோல்ட்’ ஆகிவிட்டது என்றார்கள், அதாவது வட்டில் அச்சடிக்கத் தயார். அதே மாதக் கடைசியில் நவம்பர் 19 என்று இருந்த வெளியீட்டுத் தேதி டிசம்பர் 10 ஆனது. பழைய கன்சோல்களில் திணறுகிறது என்ற பேச்சு அடிபட்டது. நன்றாகவே ஓடுகிறது என்று தயாரித்த நிறுவனம் சொன்னது. நான் நிறுவனத்தை நம்பினேன். சோனியின் பழைய கன்சோலான பிஎஸ்4இல் போட்டுப் பார்த்தால், எதிரே வரும் ஆளுக்கு முகம் தெளியவே நாலைந்து நொடி ஆனது. ஒரு வாரத்தில் சோனி தன் ஆன்லைன் கடையிலிருந்தே அதை எடுத்துவிட்டது.

—

அண்ணா, நான் மறுபக்கத்திலிருந்து சொல்கிறேன். வெளிநாட்டு கேம்களில் வரும் பொருட்களுக்கு முப்பரிமாண மாடல் செய்து கொடுக்கும் ஒரு ஸ்டுடியோவில் இருந்தேன். எங்கள் ப்ராஜெக்டின் ஸ்கிரீன்ஷாட் ஒன்று கசிந்தது. மறுநாளே ஒரு யூடியூப் வீடியோ. முகப்புப் படத்தில் பெரிய சிவப்பு அம்புக்குறி, அது காட்டியது நான் செய்த கிணற்றை. டெக்ஸ்சர், அதாவது கல், மண் மாதிரி மேற்பூச்சு, போடாத, வெறும் சாம்பல் நிறக் கிணறு. ‘இதுதான் இவர்கள் கிராஃபிக்ஸ்’ என்று சொல்லி வீடியோ போட்டவர் சிரித்தார். டீம் லீட் சண்டை போட்டுக்கொண்டு வெளியேறிவிட்டதாகவும் சொன்னார். உண்மையில் எங்கள் டீம் லீட் அக்கா பிரசவ விடுப்பில் இருந்தார்.

2022 செப்டம்பரில் தயாரிப்பில் இருந்த ஜிடிஏ 6 கேமின் காட்சிகள் கசிந்தபோதும் இதே பேச்சுதான். கிராஃபிக்ஸ்தான் முதலில் முடியும் என்று விவரம் தெரியாமல் அடித்துச் சொன்னார்கள். அதைப் பார்த்துப் பொறுக்காமல், கன்ட்ரோல் மாதிரி பெயர்பெற்ற கேம்களைச் செய்தவர்கள் தங்கள் ஆரம்பகாலக் காட்சிகளை எடுத்து வெளியே போட்டார்கள். அன்றைக்கு எனக்கு அழுகையே வந்துவிட்டது.

எங்கள் ப்ராஜெக்டில் பிரச்சினையே இல்லை என்று சொல்லவில்லை. மேலே இருந்தவர்கள் மனம் மாறி மாறி, அந்தக் கிணற்றையே நான்கு தடவை முதலிலிருந்து செய்தேன். சனி, ஞாயிறு கிடையாது. இரவு பதினொரு மணிக்குப் பரோட்டா பொட்டலத்தைப் பிரித்துக் கீபோர்டுக்குப் பக்கத்திலேயே வைத்துச் சாப்பிட்டுவிட்டு மறுபடி வேலை. அந்த வீடியோவில் இதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. யாராவது விசாரித்து எழுதியிருக்க வேண்டியது இதைத்தான். கேட்டிருந்தால் நானே சொல்லியிருப்பேன்.