கட்டி 2.5 செ.மீ. தான், வீக்கம் ஏன் இவ்வளவு?

கோலப்பொடி:
அம்மாவுக்கு 61 வயசு. ஒரு மாசமா கோலத்துல வலது கை புள்ளி தவறிப் போச்சு. எம்ஆர்ஐ எடுத்தா மூளையோட இடது பக்கம் மெனிஞ்சியோமா, அதாவது மூளை உறையில வர்ற கட்டி. கட்டி எலுமிச்சம்பழம் அளவுகூட இல்ல, சுத்தி வீக்கம் மட்டும் உள்ளங்கை அகலத்துக்கு. டெக்ஸாமெத்தசோன்னு ஸ்டீராய்டு மாத்திரை ஆரம்பிச்ச மூணாம் நாளே கோலம் நேராயிடுச்சு. கட்டி அப்படியேதானே இருக்கு?

சைக்கிள்காரன்:
எங்க மாமாவுக்கு இதைவிடப் பெரிய மெனிஞ்சியோமா. வீக்கமே கிடையாது. ஒண்ணும் புரியல.

நைட்டூட்டி:
நரம்பியல் அறுவை வார்டுல 22 வருஷம் நர்ஸா இருந்தேன், இதே கேள்வி வாராவாரம் வரும். கையைத் தடுமாற வச்சது பெரும்பாலும் கட்டி இல்லம்மா, கசிவு.

மூளையோட ரத்தக்குழாய்ச் சுவர்ல செல்லுக்குச் செல் இறுக்கமா ஒட்டியிருக்கும், தண்ணி சுலபத்துல வெளிய வராது. சில கட்டிங்க விஇஜிஎஃப்னு ஒரு புரதத்தைச் சுரக்கும். அது அந்த ஒட்டைத் தளர்த்திடும். 1983ல அதைக் கண்டுபிடிச்சப்போ வச்ச பேரே ‘குழாயைக் கசியவைக்கும் காரணி’ங்கிற அர்த்தத்துலதான், புதுக் குழாய் வளர்க்கும்னு பின்னாடிதான் தெரிஞ்சது. கசிஞ்ச நீர் வெள்ளைப் பகுதியில நார்களுக்கு நடுவே, வைக்கோலுக்குள்ள ஊறுற மாதிரி ஓடும். ஃபிலிம்ல விரல் விரலாத் தெரியுதா, பாருங்க.

மெனிஞ்சியோமா மூளைக்கு வெளிய, உறையில முளைக்கிறது. மூளை மேல இருக்கிற மெல்லிய சவ்வைத் தாண்டி அங்கேருந்தே ரத்தம் இழுக்க ஆரம்பிச்சா வீக்கம் அதிகமாகும். மாமாவோடது உறையிலேருந்து மட்டும் ரத்தம் எடுத்திருக்கலாம். அளவை மட்டும் வச்சு எதுவும் சொல்ல முடியாது. சுரக்கும் வகைன்னு ஒண்ணு இருக்கு, குட்டியா இருந்தே பெரிய வீக்கம் காட்டும்.

ஸ்டீராய்டு கசிவை அடைக்குது, அவ்வளவுதான். 1961லயே அமெரிக்காவுல காலிசிச், ஃப்ரெஞ்ச்னு ரெண்டு டாக்டருங்க இந்த மருந்து மூளை வீக்கத்தைக் குறைக்கும்னு காட்டிட்டாங்க. கோலம் நேராச்சேன்னு மாத்திரையைச் சட்டுனு நிறுத்திடாதீங்க. ஆபரேஷன் தேதி என்ன?

கோலப்பொடி:
அடுத்த வியாழன். இன்னொண்ணு, ராத்திரி 2 மணிக்கு எழுந்து தோசை வேணும்ங்கிறாங்க. அதுவும் மாத்திரையா?

நைட்டூட்டி:
அதேதான்! கடைசி டோஸை மதியத்துக்கு மாத்தலாமான்னு டாக்டர்கிட்ட கேளுங்க. சுகர் பாத்தீங்களா?

கோலப்பொடி:
இல்லையே.

நைட்டூட்டி:
நாளைக்குக் காலையில முதல் வேலை அது. அப்புறம் தோசை.