காருக்கு ‘ஒதுக்கீடு வரவில்லை’ என்று இழுத்தடிக்கிறார்கள், என்ன செய்யலாம்? (அவசரம்)

பேட்டைக்காரன்:
வணக்கம், நெல்லை பேட்டையிலிருந்து எழுதுகிறேன். ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று புக்கிங் செய்திருக்கிறேன். தீபாவளிக்குக் கையில் சாவி என்றார்கள். தீபாவளி போனது, கார்த்திகை என்றார்கள். இப்போது கேட்டால் "ஒதுக்கீடு வரவில்லை சார், தை பிறக்கட்டும்" என்கிறார் விற்பனைப் பிரிவுத் தம்பி. எனக்குப் பின்னால் புக்கிங் செய்தவர் ஒருவர் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார் என்று கேள்வி. வீட்டில் தினமும் குத்திக்காட்டுகிறார்கள். இப்படியெல்லாம் செய்ய இவர்களுக்கு உரிமை இருக்கிறதா? எங்கே புகார் கொடுப்பது? விவரம் தெரிந்தவர்கள் உடனே சொல்லுங்கள்.

தாமிரபரணிக் கரை:
அண்ணாச்சி, எந்த கார் என்று சொல்லவே இல்லையே. ஷோரூம் எந்த ஊரில்? முன்பணம் எவ்வளவு, எப்படிக் கட்டினீர்கள்? கையில் இருப்பது வெறும் ரசீதா, ஆர்டர் படிவமா? இவை தெரியாமல் யார் எது சொன்னாலும் குருட்டாம்போக்குதான்.

சாரல்காலம்:
இதில் மர்மம் ஒன்றும் இல்லை. மார்கழியில் நம் பக்கம் புது வண்டி எடுக்க மாட்டார்கள் என்பது ஷோரூம்காரர்களுக்கு நன்றாகத் தெரியும். வண்டி வந்து கிடங்கில் நிற்கும், பொங்கல் கழித்துத் தருவார்கள். ஜனவரியில் பில் போட்டால் ஆர்.சி.யில் (பதிவுச் சான்றிதழில்) புது வருடம் விழும். உங்களுக்கும் லாபம்தான். பொறுமையாக இருங்கள்.

பழைய ஓட்டுநர்:
ஆர்.சி.யில் விழுவது பில் தேதி அல்ல, தயாரிப்பு மாதமும் ஆண்டும். டிசம்பரில் தொழிற்சாலையை விட்டு வந்த வண்டியைச் சித்திரையில் வாங்கினாலும் அது போன வருடத்து வண்டிதான். இந்த அரிச்சுவடி தெரியாதவர்கள் ஆலோசனை சொல்ல முதலில் வந்துவிடுகிறார்கள்.

கேட்டவருக்கு: இதையெல்லாம் ஏற்கெனவே விரிவாக எழுதியிருக்கிறேன், தேடிப் படிக்கும் வழக்கம்தான் ஒழிந்துவிட்டது. ‘எனக்குப் பின்னால் வந்தவர்’ என்கிறீர்கள். இது ரேஷன் கடை வரிசை அல்ல. இந்தியாவுக்கு இத்தனை வண்டி என்று தலைமை நிறுவனம் முடிவு செய்யும். இங்குள்ள அதன் கிளை அதை டீலர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும். அதிகம் விற்றுக் காட்டிய டீலருக்கு அதிகம். தன் பங்கை யாருக்குக் கொடுப்பது என்பது டீலரின் கையில். ஏற்கெனவே இரண்டு வண்டி வாங்கிய வாடிக்கையாளர் வந்து நின்றால், உங்கள் ரசீது எண் எதுவானாலும் அவர்தான் முன்னால் போவார்.

2025 மே மாதம் ஃபோக்ஸ்வாகனின் கோல்ஃப் ஜிடிஐ வந்தபோது முதல் தவணையில் வந்த 150 வண்டிகளும் விலை அறிவிக்கும் முன்பே தீர்ந்தன. அதே ஆண்டு அக்டோபரில் ஸ்கோடாவின் ஆக்டேவியா ஆர்எஸ், நாடு முழுமைக்கும் 100. அந்த நூறில் நெல்லைச் சீமைக்கு எத்தனை வரும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

பணகுடிக் காற்று:
டவுன் ரத வீதியில் ஒரு சுற்று, வண்ணார்பேட்டையில் ஒரு சுற்று. வழியில் உள்ள வேகத்தடைகள் அனைத்திலும் வயிறு உரசும். இதற்கு ஸ்போர்ட்ஸ் கார் எதற்கு?

தாமிரபரணிக் கரை:
@பணகுடிக் காற்று, அவர் கேட்டது அதுவா?

பேட்டைக்காரன்:
கடையில் கூட்டம், சுருக்கமாக எழுதுகிறேன். ஜெர்மன் கார். இரண்டு கதவு, மேனுவல் கியர், முழுக்க இறக்குமதி. கம்பெனி பெயரை இங்கே போட விருப்பமில்லை. ஷோரூம் வெளியூர், நம் ஊரில்தான் கிடையாதே. முன்பணம் 5 லட்சம். ரசீது இருக்கிறது. பழைய ஓட்டுநர் அண்ணாச்சி, நான் அவர்களிடம் இதற்கு முன் எதுவும் வாங்கியதில்லை. அதனால் தரமாட்டார்கள் என்கிறீர்களா?

சாரல்காலம்:
இறக்குமதி என்றால் சொல்லவேண்டியதே இல்லை, கப்பலில் ஏதோ நடந்திருக்கிறது. ‘ஃபெலிசிட்டி ஏஸ்’ என்று ஒரு கப்பல், சுமார் நாலாயிரம் ஜெர்மன் கார்களோடு அட்லாண்டிக்கில் தீப்பிடித்து மூழ்கியது. உங்கள் வண்டியும் அதில் போயிருக்கலாம், வெளியே சொல்லமாட்டார்கள்.

கணக்கப்பிள்ளை:
அந்தக் கப்பல் மூழ்கியது 2022 மார்ச்சில். இவர் புக்கிங் செய்ததே இந்த ஆண்டு. ஐயா, கொஞ்சம் தேதியும் பாருங்கள்.

கடல் வழியில் தாமதம் இருப்பது உண்மைதான். 2023 கடைசியில் செங்கடலில் தாக்குதல் தொடங்கியதிலிருந்து பல கப்பல்கள் சூயஸை விட்டு நன்னம்பிக்கை முனையைச் சுற்றி வருகின்றன. அதனால் கூடுவது ஓரிரு வாரங்கள். தீபாவளியைத் தைக்குத் தள்ள அது போதாது.

பேட்டைக்காரருக்கு என் கவலை வேறு. அந்த 5 லட்சம் வங்கி வழியாகப் போனதா, ரொக்கமா? வருமான வரிச் சட்டப்படி இரண்டு லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக் கூடாது, வாங்கியவருக்குத்தான் தண்டம். அடுத்தது விலை. புக்கிங் அன்று சொன்ன விலை கணக்கில்லை, பில் போடும் அன்றைய விலைதான் பேசும். விலை உயர்ந்த முழு இறக்குமதி வண்டிக்குச் சுங்கம் சுமார் 110 சதவீதம் என்பதால், யூரோ ஒரு ரூபாய் ஏறினால் உங்களுக்கு இரண்டு ரூபாய்க்கு மேல் ஏறும். யூரோ 2025இல் நூறு ரூபாயைத் தாண்டிவிட்டது. 2025 செப்டம்பர் 22 முதல் பெரிய கார்களுக்கு ஜிஎஸ்டி 40 சதவீதம், பழைய கூடுதல் வரி எடுக்கப்பட்டுவிட்டது. அதற்கு முன் கொடுத்த விலைப்பட்டியல் என்றால் புதிதாகக் கேட்டு வாங்குங்கள். தமிழ்நாட்டில் 20 லட்சத்துக்கு மேற்பட்ட காருக்குச் சாலை வரி 20 சதவீதம். ஒரு சதவீதம் டிசிஎஸ் (விற்பவரே வசூலித்து அரசுக்குக் கட்டும் வருமான வரி) பிடிப்பார்கள், அதை வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம்.

சாரல்காலம்:
அப்படியானால் சுங்கம் குறையப்போகிறது என்று டீலரே பிடித்து வைத்திருப்பார். 2025 ஜூலையில் ஒப்பந்தம் போட்டார்களே.

கணக்கப்பிள்ளை:
அது பிரிட்டனோடு, அங்கே தயாராகும் கார்களுக்கு. இவர் கேட்டிருப்பது ஜெர்மன் வண்டி. தயவுசெய்து அடுத்த யோசனைக்கு முன் ஒரு தேநீர் குடியுங்கள்.

முத்துநகர்:
எல்லோரும் சுற்றிச் சுற்றிப் பேசுகிறீர்கள், அடிப்படைக் கோளாறை விட்டுவிட்டீர்கள். வண்டியை மும்பைப் பக்கம் இறக்கி, அங்கிருந்து லாரியில் ஏற்றி இந்தியாவைக் கடந்து கொண்டுவருகிறார்கள். தூத்துக்குடியில் இறக்கினால் பேட்டைக்கு அரை மணி நேரம். வ.உ.சி. 1906இல் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கிய ஊர். இன்று ஒரு கார் இறக்க வக்கில்லையா?

பழைய ஓட்டுநர்:
தூத்துக்குடியிலிருந்து பேட்டைக்கு அரை மணி நேரத்தில் வர அந்த ஸ்போர்ட்ஸ் காரையே ஓட்டினால்தான் உண்டு. புதிய வண்டிகளை நினைத்த துறைமுகத்தில் எல்லாம் இறக்க முடியாது. மத்திய அரசு குறிப்பிட்ட துறைமுகங்களையே அனுமதித்திருக்கிறது. மும்பை அருகே உள்ள நாவா சேவா, சென்னை, எண்ணூர், கொச்சி எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. தெரிந்துகொண்டு பேசுங்கள்.

முத்துநகர்:
பட்டியல் வானத்திலிருந்து விழுந்ததா? போட்டவர்கள் நினைத்தால் மாற்றலாம். தென்மாவட்டம் என்றாலே உங்களைப் போன்றவர்களுக்கு இளக்காரம்.

பழைய ஓட்டுநர்:
நானும் பாளையங்கோட்டைதான். இளக்காரம் ஊர்மீது அல்ல.

பணகுடிக் காற்று:
கார் ஏற்றும் கப்பல் அடுக்கு மாடிக் கட்டடம் மாதிரி பெரியது, மூன்று வண்டியை இறக்க எந்த முதலாளி இங்கே திருப்புவான்? காற்றாலை இறக்கைகள் தூத்துக்குடியில் வருகின்றன, போகின்றன. அதற்குச் சரக்கு இருக்கிறது, கப்பலும் வருகிறது. வீர வசனத்துக்கு வராது.

முத்துநகர்:
உங்கள் ஊருக்கு அந்த இறக்கைகள் வந்ததே எங்கள் துறைமுகத்தால்தான், அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

நெல்லை வழக்கறிஞர்:
துறைமுகத்தை வேறு இழையில் கட்டிக்கொள்ளுங்கள்.

புகார் பற்றிக் கேட்டிருந்தார். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி ஷோரூம் எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். எந்த ஆணையம் என்பதற்குப் பார்ப்பது நீங்கள் கொடுத்த தொகையை. 50 லட்சம் வரை மாவட்ட ஆணையம். 5 லட்சம் வரை கட்டணமே இல்லை. இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். அதற்கு முன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்து பாருங்கள், பல விஷயம் அங்கேயே முடிந்துவிடும். ஆனால் ஒன்று: தம்பி வாயால் சொன்ன தீபாவளியை வைத்துக்கொண்டு ஆணையத்துக்குப் போனால் கையைப் பிசைந்துகொண்டுதான் நிற்பீர்கள். டெலிவரி தேதி எழுத்தில் இருக்கிறதா? ரசீதில் என்ன எழுதியிருக்கிறது? அப்படியே தட்டச்சு செய்து போடுங்கள்.

பேட்டைக்காரன்:
பணம் வங்கி வழியாகத்தான் போனது. ரசீதில் தேதி எதுவும் இல்லை. மேலே என் பெயர், தொகை. வண்டி என்ற இடத்தில் மாடல் பெயர், ‘நிறம்: சிறப்பு நிறம்’ என்று பேனாவால் எழுதியிருக்கிறது. ஆர்டர் எண் என்ற கட்டத்தில் ஒரு கோடு மட்டும் இழுத்திருக்கிறார்கள். அடியில் பொடி எழுத்தில்: ‘இத்தொகை விருப்பப் பதிவுக்கானது. ஒதுக்கீட்டுக்கோ டெலிவரி தேதிக்கோ உறுதி அல்ல. வாடிக்கையாளர் கேட்டால் திருப்பித் தரப்படும்.’ சிறப்பு நிறம் என்றால் நான் கேட்ட பச்சை. இதில் என்ன வந்தது?

தாமிரபரணிக் கரை:
எல்லாமே அதில்தான் வந்தது அண்ணாச்சி. என் மைத்துனர் வேறொரு கம்பெனி வண்டிக்கு இதே பாட்டைப் பட்டபோது கூடவே அலைந்தவன் என்பதால் சொல்கிறேன். அந்தக் கோடு இழுத்த கட்டம்தான் உங்கள் பதில். ஒதுக்கீடு கிடைத்தால்தான் தொழிற்சாலையில் ஆர்டர் எண் விழும். அதன்பிறகு எந்த வாரம் தயாரிப்பு என்று வரும். வண்டி உருவானபின் 17 எழுத்தும் எண்ணும் கொண்ட சேஸிஸ் எண் வரும். அப்புறம்தான் கப்பல், சுங்கம், கிடங்கு எல்லாம். ஆர்டர் எண்ணே இல்லாதவருக்குக் கப்பல் எங்கே நின்றால் என்ன?

நிறமும் முக்கியம். இப்படிக் குறைவாக வரும் மாடல்களில் டீலர்கள் பெரும்பாலும் சீக்கிரம் விற்கும் நிறம், சீக்கிரம் விற்கும் கியர் என்று தாங்களே தேர்ந்து ஆர்டர் போட்டு வைப்பார்கள். சிறப்பு நிறமும் மேனுவலும் கேட்டால் உங்களுக்கென்று தனியாக ஓர் இடம் தேவைப்படும். உங்களுக்குப் பின்னால் வந்தவர் அவர்களிடம் ஏற்கெனவே ஆர்டரில் இருந்த வண்டியைச் சரி என்று சொல்லி எடுத்திருப்பார். எனக்கு அப்படித்தான் படுகிறது.

நேரில் போங்கள். தம்பியிடம் பேசாமல் மேலாளரிடம் கேளுங்கள். என் பெயரில் ஆர்டர் எண் உண்டா? இல்லையென்றால் இந்த மாடலில் உங்களுக்கு அடுத்த ஒதுக்கீடு எப்போது, எத்தனை? எனக்கு முன் எத்தனை பேர்? பதிலை மின்னஞ்சலில் தரச் சொல்லுங்கள். தயங்கினால் அதுவே பதில். அதே கம்பெனிக்குத் திருவனந்தபுரத்தில் ஷோரூம் இருந்தால் அங்கும் கேட்டுப் பாருங்கள். தற்காலிகப் பதிவில் ஓட்டிவந்து நம் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் டிஎன் 72 என்ற நெல்லைப் பதிவெண் வாங்கிக்கொள்ளலாம். சில டீலர்கள் எல்லை தாண்டி விற்க மறுப்பார்கள், கேட்பதில் நஷ்டம் இல்லை.

சாரல்காலம்:
பதிவு என்றதும் ஞாபகம் வந்தது, புதுச்சேரியில் பதிந்தால் வரி மிச்சம்.

நெல்லை வழக்கறிஞர்:
அங்கே உண்மையான முகவரி இருக்கிறதா அவருக்கு? வேறு மாநில வண்டியைப் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் இங்கே வைத்திருந்தால் மறுபதிவு கட்டாயம், வரியும் இங்கே கட்டியாக வேண்டும். பொய் முகவரி கொடுத்தால் வழக்கு தனி.

பழைய ஓட்டுநர்:
தாமிரபரணிக் கரை சொன்னதைத்தான் நான் முதலிலேயே சொன்னேன்.

பணகுடிக் காற்று:
நீங்கள் திட்டினீர்கள். அவர் சொன்னார்.

பேட்டைக்காரன்:
போய்வந்தேன். ஆர்டர் எண் கேட்டதும் மேலாளரே வந்து உட்கார்ந்தார். என் பெயரில் எண் எதுவும் இல்லை. அடுத்த ஒதுக்கீடு எப்போது என்று எழுதித் தர முடியாதாம். சாம்பல் நிறம், ஆட்டோமேட்டிக், ஒன்று ஏற்கெனவே ஆர்டரில் இருக்கிறது, மாசியில் வரும், எடுத்துக்கொள்கிறீர்களா என்றார். வேண்டாம் என்று சொல்லி, பணத்தைத் திரும்பக் கேட்டு எழுதிக் கொடுத்துவிட்டேன். திருவனந்தபுரத்தில் பேசிக்கொண்டிருக்கிறேன். எல்லோருக்கும் நன்றி.

நெல்லை வழக்கறிஞர்:
கடிதத்தின் நகலில் ‘பெற்றுக்கொண்டேன்’ என்று தேதியோடு கையொப்பமும் முத்திரையும் வாங்கினீர்களா? வாங்கவில்லையென்றால் இன்றே அதை மின்னஞ்சலிலும் அனுப்புங்கள்.

பழைய ஓட்டுநர்:
இந்தக் காலத்து ஆட்டோமேட்டிக் எந்த மேனுவலையும்விட வேகமாகக் கியர் மாற்றும். கையில் வந்ததை விட்டுவிட்டு வந்திருக்கிறார்.

பணகுடிக் காற்று:
வேகம் மட்டும்தான் கணக்கு என்றால் வந்தே பாரத்தில் போகலாமே. புளியரை மலைப்பாதையில் இரண்டாவது கியரை நாமே போட்டு வளைவிலிருந்து வெளியே வரும் சுகம் உங்கள் இயந்திரத்துக்குத் தெரியுமா?

முத்துநகர்:
பட்டியலைத் தேடிக்கொண்டிருக்கிறேன். முழுசாகப் படித்துவிட்டு வருகிறேன், விவாதம் முடியவில்லை.

நெல்லை வழக்கறிஞர்:
பேட்டைக்காரரே, முத்திரை விஷயம் என்ன ஆயிற்று?

சாரல்காலம்:
அந்தச் சாம்பல் நிற வண்டி எந்த ஷோரூமில் என்று தனியே சொல்ல முடியுமா? மாசி எனக்குத் தோதாக இருக்கும்.