பவர் கண்ணாடியிலேயே கமரா இருந்தால் விரிவுரைக்குப் போடக் கூடாதா?

கடைசி வாங்கு:
கொழும்பில் ஒரு கம்பஸில் இரண்டாம் வருடம், எது என்று கேட்காதீர்கள். ஏ.எல். வரைக்கும் தமிழ் மீடியம், இங்கே எல்லாமே இங்கிலிஷ், அதிலும் புள்ளிவிபரவியல் சேர் பலகை நிறைய எழுதிவிட்டு நாங்கள் பாதி எழுத முதலே அழித்துவிடுவார். லண்டன் மாமா வந்தபோது ரே-பான் மெட்டா கண்ணாடி (சட்டத்திலேயே சின்னக் கமரா உள்ளது) ஒன்று தந்தார். வெள்ளவத்தையில் ஒரு கடையில் என் பவருக்கு லென்ஸ் போட்டு, அதையே தினமும் போட்டுக்கொண்டு போகிறேன். பலகை நிறைந்ததும் ஒரு படம், கஷ்டமான நிறுவல் என்றால் ஒரு சின்ன வீடியோ, அவ்வளவுதான்.

போன கிழமை பக்கத்து வாங்கில் இருந்த பிள்ளை, நான் தன்னை எடுப்பதாக சேரிடம் சொல்லிவிட்டாள். கழற்று என்றார். கழற்றினால் பலகையே தெரியாது சேர் என்றேன், அப்படியென்றால் வெளியே போ என்றார். திணைக்களத்தில் கேட்டால் அனுமதி இல்லை என்கிறார்கள், எங்கே எழுதியிருக்கிறது என்றால் மாணவர் கைநூலை நீட்டுகிறார்கள். அதில் பரீட்சை மண்டபத்துக்குள் ஃபோன் கூடாது என்பதைத் தவிர ஒன்றுமில்லை. மற்ற எல்லோரும் ஃபோனைத் தூக்கிப் படம் எடுக்கிறார்கள், அவர்களுக்கு ஒன்றுமில்லை, எனக்கு மட்டும் ஏன்?

பேய்க்கேள்வி:
அந்தக் கண்ணாடி ஒரு தடவையில் சில நிமிடத்துக்கு மேல் வீடியோ எடுக்காதே, பற்றரியும் இரண்டு மணித்தியாலம் தொடர்ந்து எடுக்கத் தாங்காது. பலகையைப் படம் எடுக்க ஃபோன் போதும். உண்மையைச் சொல்லுங்கோ, ஸ்டைலுக்குத்தானே?

கறுப்புக் கோட்டு:
சட்டம் படிப்பவன் என்றபடியால் சொல்கிறேன், சட்டத்தரணி அல்ல. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தைத் தூக்கிக்கொண்டு போனால் பெரிதாக உதவாது. ஒருவர் முழுக்கத் தன் சொந்தத் தேவைக்கு வைத்திருக்கும் தரவை அது தொடாது, அந்தச் சட்டம் பெரும்பாலும் நிறுவனங்களுக்கானது. ஆனால் விரிவுரை வேறு கதை. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்க புலமைச் சொத்துச் சட்டத்தில் விரிவுரையும் பாதுகாக்கப்பட்ட படைப்புத்தான். படிக்கவென்று எடுத்த வீடியோவை நாளைக்கு பட்ச் வட்ஸ்அப் குழுவில் போட்டு, அது அங்கிருந்து டியூஷன் வாத்தி ஒருவரின் யூடியூப்புக்குப் போனால் சேர் கேட்கத்தான் செய்வார். கைநூலில் இல்லை என்பதால் கேட்க முடியாது என்று நினைக்காதீர், வகுப்புக்குள் ஒழுங்கு வைக்கும் அதிகாரம் விரிவுரையாளருக்கு உண்டு. ஆனால் பார்வைக்காகப் போட்ட கண்ணாடியைக் கழற்று, இல்லாவிட்டால் வெளியே போ என்றது கொஞ்சம் அதிகம்தான்.

மூன்றாம் வருட அக்கா:
தம்பி, ஃபோனைத் தூக்கினால் எனக்குத் தெரியும். முகத்தைத் திருப்பலாம், புத்தகத்தால் மறைக்கலாம், டேய் என்னை எடுக்காதே என்று கத்தலாம். கண்ணாடிக்கு நான் என்ன செய்வது? நீர் என்னைப் பார்க்கிறீரா எடுக்கிறீரா என்று எனக்கு எப்படித் தெரியும்? எடுக்கும்போது கண்ணாடியில் வெள்ளை லைட் எரியும் என்று சொல்ல வராதீர், பகல் வெளிச்சத்தில் அது கண்ணில் படாது, அதைச் செயலிழக்கச் செய்து கொடுக்கவும் ஆட்கள் இருக்கிறார்கள். 2024இல் ஹார்வர்டில் இரண்டு மாணவர்கள் இதே கண்ணாடியை முகம் தேடும் மென்பொருளோடு இணைத்து, தெருவில் போகிறவர்களின் பெயர், விலாசம் வரைக்கும் எடுத்துக் காட்டினார்கள். அவர்கள் எச்சரிக்கத்தான் செய்தார்கள், எல்லோரும் அப்படி நல்ல பிள்ளைகளா? உம்மைக் கெட்டவன் என்று சொல்லவில்லை. அந்தப் பிள்ளை சொன்னது சரி என்கிறேன்.

முன்னாள் டெமோ:
அக்கா சொல்வதோடு ஒத்துப்போகிறேன், ஒரே ஒரு இடத்தைத் தவிர. பகிடிவதையை (ராகிங்) ஒளித்து எடுத்த வீடியோ இருந்தால்தான் பல இடங்களில் விசாரணையே நகர்கிறது. 1998இல் பகிடிவதைக்கு எதிராகச் சட்டம் வந்தும் சாட்சி சொல்ல ஆளில்லாமல் எத்தனை முறைப்பாடு அப்படியே படுத்தது. எனவே கமராவே கூடாது என்று ஒரு வரியில் விதி எழுதினால் சந்தோஷப்படப் போவது சீனியர்மார்தான். எழுதுவதானால் விரிவுரை, பரீட்சை, ஹொஸ்டல் என்று இடம் பிரித்து எழுத வேண்டும். அது நடக்கும்போது நடக்கட்டும்.

தம்பிக்கு: முதலில் சாதாரண பவர் கண்ணாடி ஒன்று செய்வியும். கமராக் கண்ணாடியை நம்பியே பார்வையை வைத்திருந்தால் பரீட்சை மண்டபத்தில் என்ன செய்வீர்? அதோடு உம்மை உள்ளே விடவே மாட்டார்கள். அப்புறம் சேருக்கு ஒரு பக்கக் கடிதம், மீடியம் பிரச்சினையைச் சொல்லி, குரலை மட்டும் ஃபோனில் பதிவு செய்ய அனுமதி கேளும், மாணவர் ஆலோசகருக்கும் பிரதி போடும். நான் டெமோவாக (விரிவுரையாளருக்கு உதவும் டெமொன்ஸ்ட்ரேட்டராக) இருந்தபோது அப்படிக் கேட்டு வந்த பிள்ளைகளை யாரும் திருப்பி அனுப்பியதாக ஞாபகம் இல்லை. கேட்காமல் எடுத்தவர்களோடுதான் எப்போதும் சண்டை.

கடைசி வாங்கு:
பேய்க்கேள்வி அண்ணா, ஸ்டைலும் கொஞ்சம் இருக்குத்தான், ஒத்துக்கொள்கிறேன்.

அக்கா எழுதியதை வாசித்துவிட்டு இரவு படங்களை எல்லாம் திறந்து பார்த்தேன். அந்த லென்ஸ் நான் நினைத்ததைவிட அகலம். பலகை நடுவில் இருக்கிறது, ஓரத்தில் நாலு படத்தில் அந்தப் பிள்ளையின் முகம் தெளிவாக இருக்கிறது. ஒன்றில் நித்திரை தூங்குகிறாள். நான் எடுக்கவே இல்லை என்று சேருக்கு முன்னால் சத்தியம் பண்ணியிருந்தேன். எல்லாவற்றையும் அழித்துவிட்டு, இன்று காலை அவளிடம் போய்ச் சொன்னேன். ஒன்றும் பேசவில்லை, தலையை மட்டும் ஆட்டினாள்.

கடிதம் திங்கட்கிழமை கொடுக்கிறேன். சாதாரண கண்ணாடி வியாழன்தான் வருமாம், அதுவரைக்கும் முன்வாங்கில் குந்தியிருக்க வேண்டியதுதான்.