தரையில் பதிக்கும் மஞ்சள் கற்களுக்கு என்ன பெயர்? (கலைச்சொல் மடலாடல்)

முதல் மடல்

குழுவினருக்கு வணக்கம்.

மலேசியாவில் சுங்கை சிப்புட் மாதிரியான தோட்டப்புற நகரங்களில் ரயில் நிலையமும் பேருந்து நிறுத்தமும் புதுப்பிக்கப்படும்போது, பார்வையற்றவர்கள் தனியே நடந்துபோகத் தரையில் புடைப்புள்ள மஞ்சள் கற்களைப் பதிக்கிறார்கள். தமிழில் அறிவிப்பு எழுத உட்கார்ந்தால் இதற்கு ஒரு பெயர் நிலைக்கவில்லை. பேச்சில் ‘மஞ்சள் டைல்ஸ்’. எழுத்தில் ‘தொட்டுணர் ஓடு’, ‘வழிகாட்டி ஓடு’, ‘எச்சரிக்கை ஓடு’ என்று ஆளுக்கொன்று.

இதை ஜப்பானில் செய்இச்சி மியாக்கே என்பவர் 1965-இல் உருவாக்கினார். 1967 மார்ச் 18-இல் ஒக்காயாமா நகரில், பார்வையற்றோர் பள்ளிக்கு அருகில் ஒரு சாலைக் கடவையில் முதன்முதலாகப் பதித்தார்கள். இதற்கான அனைத்துலகத் தரம் ஐஎஸ்ஓ 23599. நம் நாட்டில் எம்எஸ் 1184 என்ற மலேசியத் தரம் இருக்கிறது. 2008-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் 26, 27-ஆம் பிரிவுகள் பொது இடங்களையும் பொதுப் போக்குவரத்தையும் பயன்படுத்தும் உரிமையைச் சொல்கின்றன. உரிமை சட்டத்தில் இருக்கிறது, பொருளுக்குத் தமிழில் பெயர் இல்லை. நான் ‘தொட்டுணர் ஓடு’ என்பதையே முன்வைக்கிறேன். குறை இருந்தால் சொல்லுங்கள்.

மறுமடல் – கட்டுமானப் பக்கத்திலிருந்து

அக்கா, ‘ஓடு’ வேண்டாம். நம் மக்களுக்கு ஓடு என்றால் கூரை ஓடு. அதைவிட, நடைமேடை ஒலிபெருக்கியில் ‘ஓடு’ என்று வந்தால் கேட்பவர் ஓடச் சொல்வதாக எடுத்துக்கொள்வார். ‘கல்’ போதும். ரப்பர் வகையில் செய்த தகட்டுக்கும் கல் என்று சொல்லலாமா என்று யாராவது கேட்பார்கள். செங்கல் மண்தானே, கல் என்றுதான் சொல்கிறோம்.

‘எச்சரிக்கை’, ‘வழிகாட்டி’ என்று வேலையை வைத்துப் பெயரிட்டால் தளத்தில் தவறு நடக்கும். வகை இரண்டு. நீள வரிகள் புடைத்திருப்பது ‘இந்தத் திசையில் போ’ என்கிறது. வட்டக் குமிழ்கள் புடைத்திருப்பது ‘நில், கவனி’ என்கிறது. குமிழ் வகை நடைமேடை விளிம்பிலும் படிக்கட்டு முன்னாலும் மட்டும் வருவதில்லை. பாதை திரும்பும் இடத்திலும் கிளை பிரியும் இடத்திலும் அதையேதான் பதிக்க வேண்டும். அங்கே ஆபத்து எதுவும் கிடையாது. வரைபடத்தில் ‘எச்சரிக்கை’ என்று எழுதினால், கல் பதிப்பவர் ‘இங்கே என்ன ஆபத்து’ என்று வரிக்கல்லையே வளைத்துக்கொண்டு போய்விடுவார். நடப்பவருக்குத் திருப்பம் தெரியாமல் போகும். கண்ணுக்குத் தெரியும் வடிவத்தை வைத்துக் குமிழ்க்கல், வரிக்கல் என்றால் மண்டோர் (வேலை மேற்பார்வையாளர்) பெட்டியைத் திறந்த உடனே எது எது என்று பிரித்துவிடுவார்.

கணக்கும் சொல்லிவிடுகிறேன். ஒரு கல் 300 மி.மீ. சதுரம். பேருந்து நிறுத்தத்திலிருந்து நிலைய வாசலுக்கு 150 மீட்டர் என்றால் ஒற்றை வரிசைக்கு 500 கல். அதில் நான்கு திருப்பம் இருந்தால், திருப்பத்துக்கு 3×3 வீதம் 36 குமிழ்க்கல். வெட்டுச் சேதத்துக்கு நூற்றுக்கு ஐந்து கூடுதலாக வாங்குவது நல்லது. பாதையின் இரு பக்கமும் 600 மி.மீ. வெறுமையாக இருக்க வேண்டும். கம்பம், குப்பைத்தொட்டி, மோட்டார் சைக்கிள் எதுவும் அந்த எல்லைக்குள் வரக்கூடாது.

புடைப்பின் உயரம் 4 முதல் 5 மி.மீ. கல்லின் அடித்தளம் சுற்றியுள்ள தரையோடு சமமாக இருந்து, புடைப்பு மட்டும் மேலே தெரிய வேண்டும். பழைய தரையைக் கொத்தாமல் அதன் மேலேயே பதித்தால் கல்லின் தடிப்பும் சேர்ந்து உயர்ந்து, எல்லாருடைய காலையும் தடுக்கும். ஒட்டும் தகடுகளில் வேறு சிக்கல்: ஈரம் காயாத சிமெண்டுத் தரையில் ஒட்டினால் மூலை கிளம்பும். மழை ஓய்ந்த மறுநாளே ஒட்டச் சொல்லி அவசரப்படுத்துவதால் வருவது அது. எஃகுக் குமிழ்கள் மழையில் வழுக்கும், சாம்பல் தரையில் நிறமும் தெரியாது. ஓரளவு பார்வை உள்ளவர்களுக்கு அந்த நிற வேறுபாடுதான் கண்.

லோங்காங் (கழிவுநீர்க் கால்வாய்) மூடி இன்னொன்று. பாதை நடுவே சதுர மூடி வந்தால் அதன் மேலும் வரிக்கல் பதிப்பார்கள். கால்வாய் சுத்தம் செய்துவிட்டுத் திரும்ப மூடும்போது மூடி கால் சுற்றுத் திரும்பிவிட்டால் வரிகள் குறுக்கே நிற்கும். இங்கிலாந்து முறையில் குறுக்கு வரிகளுக்குப் படிக்கட்டு வருகிறது என்று பொருள். மூடியிலும் அதன் சட்டத்திலும் நேருக்கு நேர் ஒரு கோடு செதுக்கி வைத்தால் இந்தத் தவறு நடக்காது.

செம்மண் சாலையும் செம்பனைக் குலை ஏற்றும் லோரிகளும் உள்ள ஊரில் சேறு குமிழ்களின் இடைவெளியில் இறுகி, 5 மி.மீ. புடைப்பு ஒன்றுமில்லாமல் போகும். கெட்டித் தூரிகையால் தேய்ப்பதைப் பராமரிப்பு ஒப்பந்தத்தில் தனி வரியாக எழுத வேண்டும்.

மறுமடல் – பார்வையற்றோருக்கு நடைப்பயிற்சி கற்பிப்பவரிடமிருந்து

தம்பி சொன்ன குமிழ்க்கல்லும் வரிக்கல்லும் சரி. இரண்டுக்கும் பொதுப்பெயர் வேண்டும். ‘தொட்டு’ என்றால் கை நினைவுக்கு வருகிறது. ‘மிதியுணர்’ என்றால் கால் மட்டும். உண்மையில் வெள்ளைக் கோலின் நுனியில்தான் பலருக்கு முதலில் தட்டுப்படுகிறது, கால் அதை உறுதி செய்கிறது. தடித்த அடியுள்ள காலணி போட்டால் கால் உணர்வது இன்னும் குறையும். அதனால் உறுப்பின் பெயர் இல்லாத சொல் தேவை.

‘தடக்கல்’ என்று ஒருவர் தனிமடலில் எழுதினார். பார்க்க அழகு, ஆனால் காதில் ‘தடைக்கல்’ என்று விழுகிறது. கேட்டே புரிந்துகொள்ள வேண்டியவர்களுக்கான சொல் இது. அதை ஏற்கவே கூடாது.

உணர்தளம் எப்படி?

மறுமடல்

தளமா உணர்கிறது? இப்போது ‘உணரி’ என்றால் கருவி. உணர்தளம் என்றால் ஆள் நின்றதும் விளக்கு எரியும் தரை என்று நினைக்க மாட்டார்களா?

மறுமடல் – ஆசிரியரிடமிருந்து

ஐயா, இது வினைத்தொகை. உண்கலம் உண்பதில்லை, அதில் வைத்து நாம் உண்கிறோம். குடிநீர் குடிப்பதில்லை. அதே வாய்பாட்டில் உணர்தளம் என்பது நாம் உணரும் தளம். வினைத்தொகையாதலால் நடுவில் ஒற்று மிகாது. ‘உணர்த்தளம்’ என்று பலகையில் எழுதிவிடாதீர்கள்.

நல்ல சொல் கிளை விட வேண்டும். ஜப்பானில் நடைமேடை விளிம்புக் குமிழ்க்கற்களின் உட்பக்கம் ஒரே ஒரு வரி கூடுதலாக இருக்கும். நடுவில் திசை தவறியவர் எந்தப் பக்கம் தண்டவாளம், எந்தப் பக்கம் நடைமேடை என்று அந்த வரியை வைத்து அறிவார். அதை ‘உள்வரிக் குமிழ்க்கல்’ என்று நான்கு சொல் விளக்கம் இல்லாமல் சொல்ல முடிகிறது. ‘எச்சரிக்கை ஓடு’ இதற்கு இடம் தராது. ‘வரி’ என்றால் வருமான வரி நினைவு வரும் என்று கவலைப்பட வேண்டாம். வரிக்குதிரையைப் பிள்ளைகள் தவறாகப் புரிந்துகொள்வதில்லை.

முதல் மடல் எழுதியவர்

‘தொட்டுணர் ஓடு’ என்பதைத் திரும்பப் பெறுகிறேன். பொதுப்பெயர் உணர்தளம், வகைகள் வரிக்கல், குமிழ்க்கல், உள்வரிக் குமிழ்க்கல்.

அறிவிப்பு வாசகத்தையும் மாற்ற வேண்டும். ‘மஞ்சள் கோட்டுக்குப் பின்னால் நிற்கவும்’ என்பது பார்வையற்றவருக்கு எதையும் சொல்வதில்லை. இப்படி எழுதியிருக்கிறேன்: ‘கோலிலோ காலிலோ குமிழ்க்கல் பட்டதும் நில்லுங்கள். ரயில் நின்று, கதவு திறந்த பிறகு முன்னே வாருங்கள்.’

தோட்டத்துப் பாட்டி ஒருவருக்கு ஒருமுறை வாசித்துக் காட்டினால் புரியுமா என்று பார்த்துச் சொல்லுங்கள்.