ரெசிஸ்டன்ட் ஸ்டார்ச்: ‘எதிர்ப்பு மாவுச்சத்து’ சரிதானா?

அன்புள்ள கலைச்சொல் குழுவினருக்கு,

ரெசிஸ்டன்ட் ஸ்டார்ச்சை ‘எதிர்ப்பு மாவுச்சத்து’ என்று எழுதினால், ‘நோய் எதிர்ப்பு’ போல மாவுச்சத்தையே எதிர்க்கும் ஏதோ ஒன்று என்று படிப்பவர் நினைப்பார். 1982இல் ஆய்வாளர் எங்ளிஸ்ட் குழுவினர் இந்தப் பெயரை வைத்தது, மாவுச்சத்தை உடைக்கும் அமைலேஸ் நொதிக்கு மசியாமல் எஞ்சிய மாவுச்சத்துக்கு. ‘செரியா மாவுச்சத்து’ எனலாமா?

---

> ‘செரியா மாவுச்சத்து’ எனலாமா?

வேண்டாம். செரியாமை என்பது வயிற்றுக் கோளாறின் பெயர். சிறுகுடலில் தப்பியது பெருங்குடலில் பாக்டீரியாக்களிடம் சிக்கி, பியூட்டிரேட் போன்ற கொழுப்பு அமிலங்களாகிறது. பெருங்குடல் உட்சுவர்ச் செல்களுக்குப் பியூட்டிரேட்தான் முதன்மை எரிபொருள். இந்தச் சத்தின் பயனே அங்கேதான் இருக்கிறது. ‘நொதி தாங்கும்’ என்பதும் நிற்காது, பாக்டீரியா உடைப்பதும் நொதியால்தானே.

வறட்சி தாங்கும் ரகம் என்கிறோம். எந்த வறட்சியிலும் சாகாது என்று எந்த உழவரும் எடுத்துக்கொள்வதில்லை. அந்தத் ‘தாங்கு’ இங்கே அளவாகப் பொருந்தும்: செரிதாங்கு மாவுச்சத்து.

---

செரிதாங்கு, ஏற்கிறேன். உள்வகைகளை RS1, RS2 என வெறும் எண்ணால் குறித்தால் சமையலில் பிழை வரும். பயறு, முழுத்தானியத்தில் செல்சுவருக்குள் இருப்பது ‘அடைபட்ட’ வகை. வாழைக்காயில் இருப்பது ‘பச்சைத்துகள்’. வேகவைத்தால் துகள் நீரேறிக் குழைந்து, பெரும்பகுதி சாதாரண மாவுச்சத்தாகிவிடும். வேதிமுறையில் ஆக்குவது ‘மாற்றிய’ வகை.

மீதியுள்ளது ரெட்ரோகிரேடேஷன். இதற்குச் சொல் தேடவே வேண்டாம், ஆறிய சோறு ‘விறைச்சுப்போச்சு’ என்கிறோமே! குழைந்த அமைலோஸ் (மாவுச்சத்தின் நீள் மூலக்கூறு) இழைகள் மறுபடி நெருங்கிப் படிகமாவதுதான் அந்த விறைப்பு. ஆகவே ‘விறைத்த மாவுச்சத்து’.

2015இல் வந்த இந்தோனேசிய ஆய்வில், 100 கிராம் சுடுசோற்றில் செரிதாங்கு மாவுச்சத்து 0.64 கிராம், அறை வெப்பத்தில் 10 மணி நேரம் ஆறியதில் 1.30; 4 பாகை செல்சியஸில் 24 மணி நேரம் வைத்துச் சூடாக்கியதில் 1.65. அமைலோஸ் படிகத்தை உருக்கக் கொதிநீர்ச் சூடு போதாது, அதனால்தான் சூடாக்கியும் தங்குகிறது. ஆனால் 100 கிராம் சோற்றில் மொத்த மாவுச்சத்து ஏறக்குறைய 28 கிராம். கூடுதலாகச் சாப்பிட இது அனுமதி அல்ல. சோற்றை வெளியிலேயே நெடுநேரம் விட்டால் பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியா பெருகி நஞ்சாகும். ஆவி அடங்கியதும் குளிர்பெட்டியில் வைக்க வேண்டும்.

பதிவு இப்படி இருக்கட்டும்:

செரிதாங்கு மாவுச்சத்து (பெ.): நலமானவரின் சிறுகுடலில் செரிக்காமல் பெருங்குடலை அடையும் மாவுச்சத்து. வகைகள்: அடைபட்ட, பச்சைத்துகள், விறைத்த, மாற்றிய.