‘கான்’ ஆசாமிகளை நேரில் பார்த்தவர்கள் எழுதுங்கள்

ஆங்கிலத்தில் ‘கான்’ (con) என்கிறார்களே, அதை வெறும் ஏமாற்று என்று எடுத்துக்கொண்டால் பாதிதான் பிடிபடும். பிக்பாக்கெட் அடிப்பவனை யாரும் கான்மேன் என்பதில்லை. நாமே நம்பி, நம் கையாலேயே பணத்தை எடுத்துக் கொடுத்தால்தான் அது கான். லண்டனில் வெஸ்ட்மின்ஸ்டர் பாலத்தில் நடந்தவர்கள் பார்த்திருப்பீர்கள்: தரையில் சின்ன விரிப்பு, மூன்று கோப்பை, ஒரு பந்து, பந்து எதற்குள் என்று சரியாகச் சொன்னால் வைத்த பணம் இரட்டிப்பு. போன கோடையில் கொஞ்சம் தள்ளி நின்று ரொம்ப நேரம் கவனித்தேன். ஜெயித்துத் துள்ளிய பெண்மணி போகவே இல்லை, அங்கேயே நின்று மறுபடியும் மறுபடியும் ஜெயிக்கிறார். அவர் விளையாட்டை நடத்துகிறவர்களுடைய ஆள். அப்படிக் கலந்து நிற்பவருக்கு ‘ஷில்’ என்று பெயர், ஏமாறப்போகிறவர் ‘மார்க்’. பந்து பல நேரம் எந்தக் கோப்பையிலும் இருக்காது, விரலிடுக்கில் இருக்கும். ஒரு கல்லூரிப் பையன் பர்ஸை எடுத்தபோது வேண்டாம் என்று சொல்லப் போனேன், அதற்குள் ஆஜானுபாகுவான ஒருவர் எங்கள் இருவருக்கும் நடுவில் வந்து நின்றுவிட்டார். அப்புறம் போலீஸ் தலை தெரிந்ததும் ஒரு விசில், விரிப்பும் இல்லை ஆட்களும் இல்லை.

*

பாரிஸில் இருந்து எழுதுகிறேன் அண்ணா. இங்கே மோதிரக் கதைதான். செய்ன் ஆற்றங்கரையில் போகும்போது முன்னால் ஒருவர் குனிந்து தங்க மோதிரம் ஒன்றை எடுத்து, உங்களுடையதா என்று கேட்பார். இல்லை என்றால், எனக்கு அளவில்லை, நீங்களே வைத்திருங்கள் என்று கையில் திணித்துவிட்டு, சாப்பாட்டுக்கு ஏதாவது தரச் சொல்வார். யாழ்ப்பாணத்தில் இருந்து வந்த மாமியிடம் இதைச் செய்து பார்த்தார்கள். மாமி உள்ளங்கையில் வைத்து ஒருதரம் பாரம் பார்த்தா, “பித்தளை” என்று சொல்லித் திருப்பிக் கொடுத்திட்டா! இதே ஊரில்தான் 1925இல் விக்டர் லஸ்டிக் அரசாங்க அதிகாரி என்று சொல்லி ஈபிள் கோபுரத்தையே பழைய இரும்பாக ஒரு வியாபாரிக்கு விற்றார். ஏமாந்தவர் வெட்கத்தில் முறைப்பாடே கொடுக்கவில்லை.

*

அந்த வெட்கத்தைப் பற்றித்தான் எனக்கும் எழுத வேண்டும். நான் இருப்பது நியூயார்க். 1849இல் இங்கே வில்லியம் தாம்சன் என்று ஒருவர், நன்றாக உடுத்திக்கொண்டு, வழியில் போகிறவரிடம் பழகினவர் போலப் பேசி, நாளை வரை உங்கள் கடிகாரத்தை என்னிடம் கொடுத்து வைக்கும் அளவுக்கு என்மேல் நம்பிக்கை இருக்கிறதா என்று கேட்டே வாங்கிப் போய்விடுவார். அவர் பிடிபட்டபோது பத்திரிகைகள் வைத்த பெயர் ‘கான்ஃபிடன்ஸ் மேன்’, கான்ஃபிடன்ஸ் என்றால் நம்பிக்கை, அது சுருங்கித்தான் கான். (எக்ஸ்-கான் என்பதில் வருவது வேறு, அது தண்டனைக் கைதியைக் குறிக்கும் கன்விக்ட்.) பாலத்து விளையாட்டு ‘ஷார்ட் கான்’. மாதக்கணக்கில் பழகிச் செய்வது ‘லாங் கான்’, என் நண்பரின் அப்பாவுக்கு நடந்தது அதுதான். வாரா வாரம் கோவிலில் பார்க்கும் ஆள், வீட்டுக்கு வந்து சாப்பிட்டிருக்கிறார், ஆஸ்பத்திரிக்குக்கூட கூட்டிப் போயிருக்கிறார், பிறகுதான் முதலீடு என்ற பேச்சே வந்தது. பணம் போனதைவிட, பிள்ளைகளுக்குத் தெரிந்துவிட்டதே என்றுதான் பெரியவர் குன்றிப்போனார். போலீஸுக்குப் போக இன்னும் மறுக்கிறார். இப்படி ஏமாந்து புகார் கொடுத்தவர்கள் யாராவது இருந்தால் தயவுசெய்து எழுதுங்கள், அவரிடம் படித்துக் காட்ட வேண்டும்.