மறு: மறு: ஐகான் (சமயம், ஓவியம்) – கலைச்சொல் வேணும்

> படவுருன்னே போட்டுடலாமே, எல்லாருக்கும் பழகின சொல்தானே

வேண்டாங்க, அது போன்லயும் கணினிலயும் அழுத்துற குட்டிப் படத்துக்குன்னு ஆயிடுச்சு, அங்கயே இருக்கட்டும். நாம தேடுறது கிரேக்க, ரஷ்ய ஆர்த்தடாக்ஸ் சபைக்காரங்க மரப்பலகைல முட்டை மஞ்சக்கரு கலந்த வண்ணத்தாலயும் தங்க ரேக்காலயும் பண்ற படத்துக்கு. அதை வெறும் சாமி படம்னு நெனச்சா எந்தச் சொல்லும் போதும், ஆனா இந்தப் படம் இருக்கலாமா கூடாதான்னு பைசாந்தியத்துல (கிழக்கு ரோமப் பேரரசு) நூறு வருஷத்துக்கு மேல சண்டை போட்டிருக்காங்க, எட்டாம் நூற்றாண்டுல ஆரம்பிச்சு 843ல தியோடோரா ராணி காலத்துலதான் ஒருவழியா ஓஞ்சுது, நம்ம சொல் அந்தச் சண்டையத் தாங்கணும்.

> திருச்சொரூபம்?

கத்தோலிக்க ஊர்கள்ல சொரூபம்னா தேர்ல வர்ற மாதா சிலை. புராட்டஸ்டண்ட் வீட்டு பழைய பைபிள்ல உண்டாக்க வேண்டாம்னு பத்துக் கட்டளை சொல்ற சொல்லே சொரூபம்தான் (யாத்திராகமம் 20:4). ஒருத்தர் மாலை போடுற சொல் இன்னொருத்தருக்குப் பாவம், இதுல போய் நாம ஏன் மாட்டணும். போதாததுக்கு ஆர்த்தடாக்ஸ் கோயில்ல சிலை வைக்கிற பழக்கமே ரொம்பக் கம்மி.

> திருவோவியம் நல்லாத்தானே இருக்கு

காதுக்கு நல்லாத்தான் இருக்கு. ஆனா மைக்கேலாஞ்சலோ வாட்டிகன்ல சிஸ்டைன் கூரைல வரைஞ்சதும் திருவோவியம்தானே, அது ஐகான் இல்லியே.

என் ஓட்டு திருச்சாயல். கிரேக்கத்துல எய்கோன்னு இருக்கிற அதே சொல்தான் ஆதியாகமத்துல மனுஷன தேவனோட சாயல்ல படைச்சார்ங்கற இடத்துல வருது, கொலோசெயர் 1:15ல கிறிஸ்துவ பார்க்கமுடியாத கடவுளோட இன்னதுன்னு சொல்ற இடத்துலயும் அதேதான் (அங்க நம்ம பழைய மொழிபெயர்ப்பு தற்சுரூபம்னு போட்டிருக்கு). மனுஷன், கிறிஸ்து, பலகைப் படம், மூணுக்கும் ஒரே சொல், அந்தச் சண்டைல படங்களுக்காக வாதாடின துறவி தமஸ்கு யோவானோட வாதமே இந்த முடிச்சுலதான் நிக்குது: பார்க்கவே முடியாத கடவுள வரைய முடியாது, சரி, ஆனா அவரே உடம்பெடுத்து வந்துட்டப்புறம் அந்த உடம்ப வரையாம இருக்கறதுக்கு என்ன காரணம்? யோவான் படங்களத் தடுத்த பைசாந்திய ராஜாவத் திட்டி எழுதினது பேரரசுக்கு வெளில, உமையா கலீபாங்கற முஸ்லிம் ஆட்சியாளர் கீழ இருந்துகிட்டு, அதனால ராஜாவால அவர ஒண்ணும் பண்ண முடியல. சினாய் மலை கேத்தரின் மடத்துல ஆறாம் நூற்றாண்டு கிறிஸ்து படம் தப்பிச்சு இன்னிக்கும் இருக்கறதுக்கும் அதே காரணம், ராஜாவோட தடை ஆணை அங்க எட்டல.

இன்னொண்ணு, ஐகான்ல பேர் எழுதியே ஆகணும், பேர் இல்லேன்னா அது முழுமையான ஐகான் இல்ல. கிறிஸ்துவோட ஒளிவட்டத்துக்குள்ள மூணு கிரேக்க எழுத்து இருக்கும், 'இருக்கிறவர்'னு அர்த்தம், முட்செடி எரியறப்ப மோசேகிட்ட கடவுள் சொன்ன பேர். வேதவசனம் படத்துக்குள்ளயே ஏறி உக்காந்திருக்கு. அதனால வினைச்சொல் 'வரை' வேண்டாம், 'எழுது'ன்னே வைப்போம், கிரேக்கத்துலயும் ரெண்டுக்கும் ஒரே வினை, நமக்கும் சுவர் இருந்தாத்தானே சித்திரம் எழுதலாம்.

> ஐகானோகிளாசம் = விக்கிரக உடைப்பு

ஐகானோகிளாசம்னா அந்தச் சண்டைல படமே கூடாதுன்னு எதிர்த்தவங்க இயக்கம். நீங்க சொல்ற பேர் ஒரு கட்சியோட கோஷம். படம் விக்கிரகம்னு சொன்னதே எதிர்த்தவங்கதான், அந்தப் பேர வெச்சா தீர்ப்ப முன்னாடியே எழுதிட்டோம்னு ஆகும். 1953ல பெரியார் பிள்ளையார் சிலை உடைச்சதுக்கு சிலை உடைப்பு சரியா பொருந்தும், இங்க பொருந்தாது. சாயல் மறுப்புன்னு போடலாம்.

----- அடுத்த மடல் -----

அண்ணே, ஒரு சந்தேகம். சாயல்னா நம்ம பேச்சுல பையன் அப்பா சாயல்ங்கறது மட்டும்தான், அது ஒரு குணம், சுவத்துல ஆணியடிச்சு மாட்டற பொருள் கிடையாது. "ரெண்டு திருச்சாயல் வாங்கினேன்"னா யாருக்குப் புரியும்?

----- அடுத்த மடல் -----

நல்ல கேள்வி தம்பி, ஆனா நீ சொன்ன உதாரணம் எனக்குத்தான் சாதகம், தமஸ்கு யோவான் சாயல்கள வகை பிரிக்கறப்ப முதல் வகையா வெக்கிறதே அப்பனுக்கு மகன் சாயல்ங்கறதத்தான். பொருள்னு தெரியணும்னா மொத தடவ திருச்சாயற்படம்னு எழுதிட்டு அப்புறம் சுருக்கிக்கலாம்.

இதுல அவசரப்படாம இருக்கறது நல்லது. 787ல நிசேயா ஊர்ல கூடின ஆயர்கள் சங்கம் படத்துக்கு வணக்கம் மட்டும், ஆராதனை கடவுளுக்கு மட்டும்னு தெளிவா பிரிச்சு வெச்சுது. லத்தீன்ல மொழிபெயர்த்தவர் வணக்கத்துக்கும் ஆராதனைன்னே தோணற சொல்லப் போட்டுட்டார், அதப் படிச்ச பிராங்கிய ராஜா சார்லமேனோட அரசவைக்காரங்க கொதிச்சுப்போய் பெரிய மறுப்பு நூலே எழுதினாங்க, 794ல பிராங்க்பர்ட்ல சங்கம் கூட்டி கண்டனமும் பண்ணாங்க, அங்க சொல்லாத ஒண்ணுக்கு. நல்லவேளை நம்மகிட்ட வணக்கம், ஆராதனை ரெண்டும் தனித்தனியா புழக்கத்துல இருக்கு, அத அப்படியே எடுத்துக்கலாம், புதுசா ஒண்ணும் வேண்டாம்.

பாக்கி ஐகானோஸ்டாசிஸ், பலிபீடத்துக்கும் மக்களுக்கும் நடுவுல வரிசையா படங்களோட நிக்கிற தடுப்பு. திருச்சாயல் தட்டின்னு ஒருத்தர் தனிமடல்ல சொன்னார், எனக்கு டீக்கடை ஞாபகம்தான் வருது. மறைப்பு? திரை? கோயில் வேலை தெரிஞ்ச தச்சர் யாராச்சும் குழுவுல இருந்தா சொல்லுங்க.